காய் அடுக்குகிறவர்கள்

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்து, பதினெட்டு வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலும் செஸ்ஸுக்கு ஒரு மவுசு. பிள்ளையை வகுப்பில் விடலாமா, எந்த வயதில் விடலாம், ரேட்டிங் எடுத்தால் பிற்காலத்தில் ஏதும் பிரயோசனம் உண்டா என்று என்னிடமும் சிலர் கேட்கிறார்கள். நான் ஏதோ பெரிய ஆட்டக்காரன் என்ற நினைப்பு. உண்மையில் நான் ஆடுவதே குறைவு. எனக்குப் பிடித்தது 'வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் மேட்' என்று பத்திரிகை மூலையில் கட்டம் போட்டு வருமே, அது. அதை அடுக்கியவர் யார், எதற்காக அடுக்கினார், அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்று தேடிப் பார்ப்பது என் பழக்கம். கடைசிக் கேள்விக்கு விடை சுலபம்: அநேகமாக ஒன்றும் கிடைத்திருக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். போனில் வரும் பயிற்சிப் புதிர்கள் பெரும்பாலும் யாரோ ஆடிய ஆட்டத்திலிருந்து வெட்டி எடுத்தவை. நான் சொல்வது வேறு இனம். ஒருவர் வெறும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு காயாக வைத்து, எடுத்து, மாற்றி வைத்து உண்டாக்கிய நிலை. அதற்கென்று சட்டதிட்டங்கள் இருக்கின்றன. விடையின் முதல் நகர்வு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவதாக ஒரு வழி எங்காவது ஒளிந்திருந்தால் புதிர் செத்தது. வேலையில்லாமல் ஒரு சிப்பாய்கூடப் பலகையில் நிற்கக் கூடாது. முதல் நகர்விலேயே செக் கொடுப்பதும் காயை வெட்டுவதும் தடையல்ல, ஆனால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். போட்டியில் ஆடுகிறவருக்கு அன்றைக்கு முன்னால் இருக்கும் ஒரு ஆளை வென்றால் போதும். அடுக்குகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. நூறு வருடம் கழித்து ஒருவன் வந்து இரண்டாவது வழியைக் கண்டுபிடித்தாலும் தோல்விதான்.

நான் இருப்பது பாண்டிருப்பில். வடக்கே மருதமுனையில் தறிச் சத்தம், தெற்கே கல்முனைக் கடைத்தெரு, நடுவில் எங்கள் ஊர். ஊரைத் தெரியாதவர்களுக்கும் திரௌபதை அம்மன் கோயிலைத் தெரியும். பதினெட்டு நாள் உற்சவத்தில் வனவாசம், தவநிலை, தீமிதிப்பு என்று பாரதக் கதை தெருவிலேயே நடக்கும். தருமர் சூதில் நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னை வைத்தார், கடைசியில் மனைவியை வைத்தார். கதை தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. அதனால்தான் தில்ஆராம் என்ற பெண்ணின் கதையை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு அந்நியமாகப் படவில்லை.

இது பாரசீகம், அரபு, துருக்கி என்று பல மொழிகளில் சுற்றிய கதை. ஒரு பிரபு சதுரங்கப் பந்தயத்தில் எல்லாவற்றையும் இழந்து, கடைசியாகத் தனக்குப் பிரியமான மனைவி தில்ஆராமையே பந்தயம் வைக்கிறான். ஆட்டம் கைவிட்டுப் போகிறது. எதிரியின் இரண்டு கோட்டைகளும் அவனுடைய ராஜாவின் வாசலுக்கு வந்துவிட்டன. அடுத்த நகர்வில் கதை முடிந்தது. திரைக்குப் பின்னால் இருந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தில்ஆராம், உன் கோட்டை இரண்டையும் கொடுத்துவிட்டு என்னைக் காப்பாற்று என்று குரல் கொடுக்கிறாள். அவன் கொடுக்கிறான், வெல்கிறான்.

கதை இருக்கட்டும், அந்த நிலையே அற்புதம். பலகை இருந்தால் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்குக் கோட்டைகள் எச்4, எச்1. அவற்றின் நடுவே எச்3இல் ஒரு யானை. ஜி4இல் குதிரை. எஃப்6, ஜி6 இரண்டிலும் சிப்பாய்கள். கறுப்பு ராஜா ஜி8இல், கறுப்பின் கோட்டைகள் இரண்டாம் வரிசையில். இந்த யானை இன்றைய பிஷப் அல்ல. அன்றைய ஷத்ரஞ்சில் 'ஃபீல்' மூலைவாட்டில் சரியாக இரண்டு கட்டம் தாவும், நடுவில் என்ன நின்றாலும் கவலையில்லை.

வெள்ளை எச்4 கோட்டையை எச்8க்குக் கொண்டுபோய் செக் கொடுக்கிறது. ராஜா வெட்டியே ஆக வேண்டும். இப்போது எச்3 யானை குதிரையின் தலைக்கு மேலால் எஃப்5க்குத் தாவுகிறது, பின்னால் இருந்த எச்1 கோட்டையின் செக் திறந்துகொள்கிறது. கறுப்பு தன் கோட்டையை எச்2இல் குறுக்கே போடுகிறது. வெள்ளை அதை வெட்டி மறுபடியும் செக். ராஜா ஜி8க்கு ஒதுங்குகிறது. வெள்ளை இரண்டாவது கோட்டையையும் எச்8இல் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ராஜா அதையும் வெட்ட வேண்டியதுதான். சிப்பாய் ஜி7க்கு ஏறி செக். ராஜாவுக்கு ஜி8 மட்டுமே மிச்சம், ஏனென்றால் எச்7ஐ யானை பார்த்துக்கொண்டு நிற்கிறது. கடைசியாகக் குதிரை எச்6இல் இறங்குகிறது. மேட். கோட்டை இரண்டும் போய்விட்டன. முடித்துக் கொடுத்தவை ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய்.

மருதமுனையில் எனக்கொரு சிநேகிதர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். இதை அவருக்குத் தேத்தண்ணிக் கடை மேசையில் வைத்துக் காட்டினேன். யானை தாவிய இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "இரி, இரி, நானே பாக்கன்" என்றார். முடித்துவிட்டு நிமிர்ந்து, "பொஞ்சாதியப் பந்தயம் வெச்ச ஆம்புளையள் எல்லா ஊரிலயும் இரிந்திரிக்கானுகள் தம்பி. ஆனா இந்தப் புள்ளக்கி ஆட்டம் தெரிஞ்சிரிக்கி" என்றார். ஷாபி மத்ஹபில் சதுரங்கம் ஹராம் (விலக்கப்பட்டது) இல்லை, மக்ரூஹ் (விரும்பத்தகாதது) தான், அதுவும் காசு வைக்காமல், தொழுகை தவறாமல் இருந்தால் என்று எனக்கு விளக்கியவரும் அவரே. பந்தயத்துக்கு ஆகாது என்றால் எதிராளியே இல்லாத இந்தப் புதிர் வேலை உங்களுக்கென்றே செய்தது காக்கா என்றேன். சிரித்தார்.

இப்படி அடுக்கிய நிலைகளுக்கு அரபியில் 'மன்ஸூபா' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல் அத்லீ அவற்றைத் தொகுத்தார். அவருக்குப் பிறகு வந்தவர்தான் இந்தக் கலையின் பெரிய ஆள்: அபூ பக்ர் அஸ் ஸூலீ. ஏறத்தாழ கி.பி. 880இல் பிறந்து 946இல் இறந்தவர். பக்தாதில் அப்பாஸிய கலீபா முக்தஃபியின் அரண்மனையில் மாவர்தீ என்ற ஆட்டக்காரர் கலீபாவின் செல்லப் பிள்ளையாக இருந்தார். கலீபாவின் முன்னாலேயே ஸூலீ அவரைத் தோற்கடித்தார். அதன் பிறகு அந்த இடம் ஸூலீக்கு. பின்னால் வந்த கலீபா ராழீ, அழகான தோட்டமொன்றில் உலாவும்போது, இதைவிட அழகானது எதையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கூட வந்தவர்களைக் கேட்டாராம். அவர்கள் தோட்டத்தைப் புகழ்ந்து தள்ளினார்கள். கலீபாவோ, ஸூலீ சதுரங்கம் ஆடுவது இதைவிட அழகு என்றாராம். சொன்னவர் வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ.

ஸூலீ வெறும் ஆட்டக்காரர் அல்ல. கலீபாக்களின் வரலாறு எழுதினார், அபூ தம்மாம் என்ற பெருங்கவிஞரைப் பற்றி எழுதினார், ஒரு நூலகமே வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் கடைசியில் பக்தாதை விட்டு ஓடி பஸ்ராவில் மறைந்திருந்து இறந்தார். அவர் வைத்துவிட்டுப் போன புதிர் ஒன்றுக்கு 'ஸூலீயின் வைரம்' என்று இன்று பெயர். பலகையில் சில காய்களே. நான் சொல்லிக் கொடுத்தவர்களைத் தவிர உலகத்தில் யாராலும் இதை அவிழ்க்க முடியாது என்று அவர் சொல்லியிருந்தார். வாய்ச்சவடால் என்று நினைப்போம். ஆனால் ஆயிரம் வருடத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. 1980களில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதன் விடையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். தான் செத்து ஆயிரம் வருடத்துக்குப் பிறகும் எதிராளியை யோசிக்க வைத்த ஆள் வேறு எந்த விளையாட்டில் இருக்கிறார்?

நம் பக்கத்துக்கு வருவோம். 1814இல் பம்பாயில் ஒரு புத்தகம் அச்சாகிறது. சமஸ்கிருத மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்த செஸ் கட்டுரைகள். ஆனால் உள்ளே பெரும்பகுதி அடுக்கிய நிலைகள், ஐரோப்பிய விதிக்கு ஏற்றபடி மாற்றியவை. ஆசிரியர் பெயரை ஆங்கிலேயர் எப்படியெல்லாமோ முறித்து எழுதியிருக்கிறார்கள். நாம் வாசித்தால் ஒரு வினாடியில் தெரிந்துவிடும்: திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி. அவர் கற்ற விளையாட்டின் விதி ஒன்று, அச்சடித்து வாங்கப் போகிறவர்களின் விதி இன்னொன்று. விதி ஒரு இம்மி மாறினாலும் அடுக்கிய நிலை உடைந்துவிடும், திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டும். எஞ்சினும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. நிலை நிலையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார் மனுசன். இந்திய செஸ் என்றதும் விஸ்வநாதன் ஆனந்திலிருந்து தொடங்குகிற நம் பத்திரிகைகள் இவரை ஒருநாளாவது நினைக்கலாம். அதே வரிசையில் மதராஸின் குலாம் காஸிம். அவர் புதிர் அடுக்கியவர் அல்ல, ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தவர். மதராஸும் ஐதராபாத்தும் ஆடிய இரண்டு ஆட்டங்களை ஜேம்ஸ் கொக்ரேன் என்ற அதிகாரியோடு சேர்ந்து அலசி 1829இல் மதராஸில் புத்தகம் போட்டார்.

இனிச் சொல்லப்போகிறதுதான் புதிர் உலகத்தையே திருப்பிப் போட்ட கதை. 1845 பெப்ரவரி. லண்டனில் ஹவர்ட் ஸ்டோன்டன் நடத்திய செஸ் சஞ்சிகையில் நான்கு நகர்வுப் புதிர் ஒன்று வருகிறது. அனுப்பியவர் பெயர் 'ஷாகிர்த்', மாணவன் என்று அர்த்தம். வந்தது இந்தியாவிலிருந்து. புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் ஹென்றி ஒகஸ்டஸ் லவ்டே என்ற இளம் ஆங்கிலப் போதகர். நல்ல நல்ல ஆட்டக்காரர்களெல்லாம் அதில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். கறுப்பு ராஜா ஈ4இல் அசைய இடமில்லாமல் நிற்கிறது. சுற்றியுள்ள கட்டங்களை வெள்ளைக் காய்கள் அடைத்துவிட்டன. டி நிரையை டி1 கோட்டை பார்க்கிறது, எஃப்4ஐ எச்6 பிஷப் பார்க்கிறது. கறுப்புக்கு ஆட மிச்சமிருப்பது இரண்டொரு சிப்பாய் நகர்வு. அது முடிந்தால் ஸ்டேல்மேட், ஆட்டம் சமநிலை. அதாவது வெள்ளைக்கு எதிரி கறுப்பு அல்ல, தன்னுடைய அதிக பலமே. பலத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், அதே நேரம் மேட்டும் செய்ய வேண்டும். லவ்டே என்ன செய்தார்? எச்6 பிஷப்பை அந்த மூலைவாட்டின் மறுகோடியான சி1க்கு ஓட விடுகிறார். போகிற வழியில் அது டி2ஐக் கடக்கிறது. பிறகு கோட்டையைச் சரியாக அந்த டி2இலேயே கொண்டுவந்து வைக்கிறார், தன் பிஷப்பின் கண்ணைத் தானே மறைக்கிறார். எஃப்4 திறக்கிறது. வேறு போக்கிடம் இல்லாத ராஜா அங்கே கால் வைக்கிறது. உடனே கோட்டை டி4க்குத் தாவ, பின்னால் பிஷப்பின் வழி திறக்கிறது. கோட்டையும் செக், பிஷப்பும் செக், மேட். டி2ஐக் கடக்காமல் பிஷப் எச்6இலேயே நின்றிருந்தால் டி2இல் கோட்டை வந்து ஒரு பிரயோசனமும் இல்லை. முதல் நகர்வுக்குக் காரணம் கடைசி நகர்வில்தான் தெரிகிறது.

இன்றைய கண்ணால் பார்த்தால் அது பழுதுள்ள புதிர். நகர்வு வரிசையை மாற்றி ஆடியும் விடைக்குப் போய்ச் சேரலாம். இன்றைக்கு ஒரு போட்டிக்கு அனுப்பினால் நடுவர் மறுபேச்சில்லாமல் தூக்கிப் போட்டுவிடுவார். ஆனாலும் அதன் கருத்து சாகவில்லை. 'இந்தியன் பிரொப்ளம்' என்று பெயர் வாங்கி, நூற்றுக்கணக்கானவர்கள் அதையே திருத்தித் திருத்தி அடுக்கினார்கள். 1903இல் கோட்ஸ், கொக்கெல்கோர்ன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அந்த ஒரு புதிரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். அதையெல்லாம் பார்க்க லவ்டே இருக்கவில்லை. 1848இல், முப்பத்து மூன்று வயது மட்டில் இறந்துவிட்டார். என்னைக் கேட்டால், கருத்து இல்லாத ஆயிரம் பழுதற்ற புதிர்களைவிட இந்தப் பழுதான ஒன்று பெரியது. இந்தக் கருத்தோடு சண்டை பிடிக்கிற புதிர்ப் பிரியர்கள் இருக்கிறார்கள், பிடிக்கட்டும்.

இதற்கு நேர்மாறான ஆள் அமெரிக்காவின் சாம் லொயிட் (1841 - 1911). குறும்புக்காரர், விளம்பரக்காரர், கொஞ்சம் புளுகரும்கூட. இவர் கதையிலும் பந்தயம் உண்டு, ஆனால் ஒரு இராச் சாப்பாட்டுக்குத்தான். டென்னிஸ் ஜூலியன் என்ற சிநேகிதர் எந்தப் புதிரைப் பார்த்தாலும் கடைசியில் மேட் செய்யப்போகும் காய் எது என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுவார். லொயிட் ஒரு ஐந்து நகர்வுப் புதிரை அடுக்கி, மேட் செய்யவே செய்யாத காயைக் காட்டு பார்ப்போம் என்றார். ஜூலியன் யோசிக்காமல் பி2இல் முதலடிகூட வைக்காமல் நின்ற சிப்பாயைக் காட்டினார். முதல் நகர்வே அந்தச் சிப்பாய்தான். அது நடந்து, வெட்டி, நடந்து, வெட்டி, ஐந்தாவது நகர்வில் பலகையின் மறுகோடிக்குப் போய் ராணியாகி மேட் செய்தது. 1861இல் அச்சில் வந்த அந்தப் புதிருக்கு 'எக்செல்சியர்' என்று பெயர். அப்படி முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை நடக்கும் சிப்பாயை இன்றும் எக்செல்சியர் என்றுதான் சொல்கிறார்கள்.

பிழைப்பு என்ன என்று கேட்பீர்கள். இருபதாம் நூற்றாண்டின் இரண்டு நகர்வுப் புதிருக்கு முடிசூடா மன்னர் இங்கிலாந்தின் கொமின்ஸ் மான்ஸ்ஃபீல்ட். புகையிலைக் கம்பனியில் வேலை. முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவால் தாக்கப்பட்டவர், ஆனாலும் 1984 வரை, எண்பத்தேழு வயது வரை இருந்தார். 1972இல் புதிர் அடுக்குகிறவர்களுக்கும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுக்கத் தொடங்கியபோது முதல் நால்வரில் ஒருவர். மிச்ச நேரத்தில் அடுக்கியே அவ்வளவும். நாவலாசிரியர் நபொகொவ் தன் கவிதைகளையும் பதினெட்டு செஸ் புதிர்களையும் ஒரே அட்டைக்குள் போட்டுப் புத்தகம் வெளியிட்டார். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவர் நினைப்பு. இந்தியாவிலிருந்து சி.ஜி.எஸ். நாராயணன், என். சங்கர் ராம் போன்றவர்கள் வெளிநாட்டுப் புதிர் சஞ்சிகைகளில் அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாத புகழ் இது.

பட்டம் வாங்கும் வழியும் வித்தியாசம். ஆட்டத்தில் வெல்வது கணக்கில்லை. மூன்று வருடத்துக்கொருமுறை உலகம் முழுக்க வந்த புதிர்களில் நல்லதை நடுவர்கள் பொறுக்கி, உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் ஆல்பத்தில் சேர்ப்பார்கள். ஒரு புதிர் உள்ளே போனால் ஒரு புள்ளி. கிராண்ட்மாஸ்டர் ஆக எழுபது வேண்டும். ஒரு ஆயுள் போதாமல் போகலாம்.

கொம்பியூட்டர் வந்து இதையும் கெடுத்துவிட்டதா என்றால் இல்லை. 'பொப்பாய்' என்ற இலவச மென்பொருள், வைத்த நிலையில் இரண்டாவது வழி இருக்கிறதா என்று சொல்லிவிடும். மான்ஸ்ஃபீல்டுக்கு வாரக்கணக்கில் பிடித்த சரிபார்ப்பு இப்போது தேத்தண்ணி ஆறுவதற்குள் முடியும். ஆனால் கோட்டையைக் கொண்டு தன் பிஷப்பின் கண்ணை மறைக்கலாம் என்ற எண்ணம் வர மனுசனுக்குத்தான் வர வேண்டும். கொழும்பில் வாழ்ந்து அங்கேயே அடங்கிய ஆர்தர் சி. கிளார்க் 1977இல் ஒரு குட்டிக் கதை எழுதினார், 'குவாரன்டைன்'. வேற்றுலக இயந்திரங்கள் பூமியை ஆராய வந்து, இங்கே ஒரு பிரச்சினையில் மாட்டி, வேறெதையும் யோசிக்க முடியாமல் போகின்றன. தொற்று பரவக் கூடாது என்று பூமியே அழிக்கப்படுகிறது. தொற்றியது செஸ். கிளார்க் மிகைப்படுத்தினார் என்று புதிர் அடுக்கிப் பார்த்த ஒருவரும் சொல்லமாட்டார்.

செஸ் வகுப்பு நடத்துகிற ஆசிரியர்மாரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளுக்குத் திறப்பு நகர்வுகளைப் பாடமாக்கக் கொடுக்கிறீர்கள், நல்லது. மாதத்தில் ஒருநாள் பலகையைக் காலியாக வைத்து, ஆறேழு காயைக் கொடுத்து, ஒரே ஒரு விடை வரும்படி நீயே அடுக்கு என்று சொல்லிப் பாருங்கள். கொழும்புக்கு பஸ் ஏறிப் போட்டிக்குப் போகக் காசில்லாத பிள்ளைக்கும் இது முடியும். பலகை இல்லாவிட்டால் கொப்பித் தாளே போதும்.

அதற்கு முன் இதை அவிழ்க்கட்டும். பெரிய ஆட்டக்காரர் போல் மோர்ஃபி சின்ன வயதில் அடுக்கியது என்பார்கள், மொத்தம் ஏழே காய். வெள்ளை: ராஜா சி8, கோட்டை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் மேட். செக் கொடுத்துத் தொடங்க வேண்டாம், வேலைக்காகாது. விடையை நான் சொல்லமாட்டேன், பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.